தூரத்துக்கும் வரி கட்டும் மாவட்டங்கள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 முதல் தனி மாவட்டமாக நிலைத்தது. மழையை நம்பிய விவசாயம், சுண்ணாம்புக்கல் பூமி, வேலைக்காக வெளியூர் போகும் இளைஞர்கள் என்று இரண்டுக்கும் பொதுவானவை ஏராளம். ஆனால் பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் விலை மட்டும் இரண்டு ஊர்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. திருச்சியில் ஒரு விலை, பெரம்பலூரில் ஒரு விலை, அரியலூரில் ஒரு விலை, ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்தால் இன்னொரு விலை. சென்னையோடு ஒப்பிட்டால் உள்மாவட்டங்கள் பலவும் கூடுதலாகவே கொடுக்கின்றன. நீலகிரி போன்ற மலை மாவட்டத்தில் அந்த வித்தியாசம் காசுக் கணக்கைத் தாண்டி ரூபாய்க் கணக்கைத் தொடுகிறது. 2021 ஜூலை 2-ஆம் தேதி சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது பெரிய செய்தியானது. அதற்கு முன்பே உள்மாவட்டங்கள் பலவற்றில் அந்த எல்லை கடக்கப்பட்டுவிட்டது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே எண்ணெய்க்கு ஏன் வேறு வேறு விலை என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. அந்த விடையில் ஒரு பகுதி நியாயமானது. இன்னொரு பகுதியை நாம் மாற்ற முடியும், மாற்றவும் வேண்டும்.

முதலில் ஒரு தவறான சந்தேகத்தை விலக்கிவிட வேண்டும். விலை கூடினால் மக்களின் கோபம் முதலில் பாய்வது பங்க் உரிமையாளர் மேல்தான். பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளில் விலையைத் தீர்மானிப்பது உரிமையாளர் அல்லர். பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2010 ஜூனிலும், டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரிலும் கைவிட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை 6 மணிக்கு விலையை மாற்றியமைக்கும் முறை நாடு முழுவதும் வந்தது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று நிறுவனங்களும் ஒவ்வொரு பங்குக்கும் விலையைக் கணக்கிட்டு அனுப்புகின்றன. பங்க் உரிமையாளருக்குக் கிடைப்பது நிர்ணயிக்கப்பட்ட கமிஷன் மட்டும். அமெரிக்காவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்குகள் வாடிக்கையாளரை இழுப்பதற்காக விலையைக் குறைத்தும் ஏற்றியும் போட்டி போடுவதுண்டு. பணக்காரப் பகுதியில் ஒரு விலை, போட்டி மிகுந்த நெடுஞ்சாலையில் ஒரு விலை என்று நிறுவனங்கள் பகுதி பிரித்து விற்பதும் உண்டு. நம் ஊர் வித்தியாசம் அப்படிச் சந்தையில் பிறந்ததில்லை. அது கணக்கில் பிறந்தது. கணக்கில் பிறந்த வித்தியாசம் என்பதால்தான் அதைக் கணக்கைத் திருத்தி நேர் செய்யவும் முடியும்.

கணக்கின் முதல் பகுதி போக்குவரத்துச் செலவு. சென்னை மணலியில் இருக்கும் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பெட்ரோலும் டீசலும் திருச்சி வழியாக மதுரைக்குக் குழாயில் போகின்றன. வழியில் உளுந்தூர்பேட்டை அருகே ஆசனூரிலும் திருச்சியிலும் இந்தியன் ஆயில் முனையங்கள் உள்ளன. சங்ககிரிக்கும் ஒரு கிளைக் குழாய் போகிறது. மேற்கே கொச்சியிலிருந்து கோவை இருகூர் வழியாகக் கரூர் வரை மற்றொரு குழாய் வருகிறது. குழாயில் எண்ணெயைத் தள்ளுவது மலிவு. முனையத்தில் இறங்கி டேங்கர் லாரியில் ஏறிய பிறகுதான் செலவு கூடுகிறது. லாரிக்காரருக்குக் கொடுக்கப்படும் வாடகை, முனையத்திலிருந்து பங்க் வரை போய்த் திரும்பும் தூரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆசனூருக்கும் திருச்சிக்கும் நடுவே நான்குவழிச் சாலையில் இருக்கிறது பெரம்பலூர். அரியலூருக்கு அங்கிருந்து கிழக்கே விலகிப் போக வேண்டும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை, மீன்சுருட்டி என்று உள்ளே போகப் போகத் தூரம் ஏறுகிறது. மணலியிலும் தண்டையார்பேட்டையிலும் லாரி நிரப்பிச் சில கிலோமீட்டரில் இறக்கிவிடும் சென்னைப் பங்குக்கு இந்தச் செலவு மிகக் குறைவு. மூன்று நிறுவனங்களின் முனையங்களும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு நிறுவனங்களின் பங்குகளிலேயே சில காசு வித்தியாசம் வருகிறது. இதில் மர்மம் எதுவும் இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை.

கணக்கின் இரண்டாம் பகுதிதான் நம் கவனத்துக்கு உரியது. மத்திய அரசின் உற்பத்தி வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக இருக்கிறது. அது மணலிக்கும் மீன்சுருட்டிக்கும் ஒன்றே. மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரி அப்படி இல்லை. எண்ணெயின் அடக்க விலை, உற்பத்தி வரி, லாரிச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, அந்தத் தொகையின் மேல் அது விதிக்கப்படுகிறது. அதாவது லாரி ஓடிய தூரத்துக்கும் அரசு வரி வாங்குகிறது. 2017 மார்ச்சில் தமிழ்நாடு பெட்ரோல் வரியை 34 விழுக்காடாகவும் டீசல் வரியை 25 விழுக்காடாகவும் உயர்த்தியது. அப்போது ஓர் ஊருக்கு லாரிச் செலவு ஒரு ரூபாய் கூடினால், அந்த ஊர்க்காரர் பெட்ரோலுக்கு ஒரு ரூபாய் 34 காசு கூடுதலாகக் கொடுத்தார். 2020 மே மாதத்தில் இந்த முறை மாறியது: பெட்ரோலுக்கு 15 விழுக்காட்டோடு லிட்டருக்கு 13.02 ரூபாய்; டீசலுக்கு 11 விழுக்காட்டோடு 9.62 ரூபாய். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் பெட்ரோல் வரி லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைக்கப்பட்டது. வரி 13 விழுக்காடும் 11.52 ரூபாயும் ஆயிற்று. ஆகவே தூரத்தின் மீதான வரி, ரூபாய்க்கு 34 காசிலிருந்து 13 காசாக இறங்கியிருக்கிறது. வெவ்வேறு கட்சிகளின் இரண்டு அரசுகள் எடுத்த முடிவுகளால், மாநிலம் சரியான திசையில் பாதி வழி வந்திருக்கிறது. மீதி வழியையும் நடக்கச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வாதம்.

வரியும் தூரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் ஸ்ரீ கங்காநகர் சான்று. எண்ணெய் முனையங்களிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் எல்லை மாவட்டம் அது. மாநில வரியும் அதிகம். 2021 பிப்ரவரியில் நாட்டிலேயே முதலில் சாதாரண பெட்ரோல் 100 ரூபாயைத் தொட்டது அங்கேதான். சற்று தள்ளி எல்லை தாண்டினால் பஞ்சாபில் விலை குறைவு. அதனால் கங்காநகர் பங்குகள் விற்பனையை இழந்தன. நம் பக்கத்திலேயே காரைக்கால் இருக்கிறது. புதுச்சேரி அரசின் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து வண்டிகள் அங்கே போய் நிரப்பிக்கொள்கின்றன. எல்லையோரத்தில் இருப்பவருக்கு அந்த வசதியாவது உண்டு. மாநிலத்தின் நடுவே இருக்கும் பெரம்பலூர், அரியலூர் மக்களுக்கு ஓடிப்போய் நிரப்ப எந்த எல்லையும் இல்லை. பலகையில் எழுதியிருப்பதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சில காசுகளுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். லிட்டருக்கு ஐம்பது காசு, ஒரு ரூபாய் என்பது ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைக் கவிழ்த்துவிடாது. அதை மிகைப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்தக் காசு யாரிடமிருந்து போகிறது என்று பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்ட மக்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். பெரம்பலூரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். பெரம்பலூர் நகருக்கு இன்றுவரை ரயில் இல்லை. சென்னைக்காரருக்கு மெட்ரோவும் மின்சார ரயிலும் உண்டு. வேப்பந்தட்டையிலும் குன்னத்திலும் இருப்பவருக்குப் பேருந்தை விட்டால் சொந்த வண்டிதான். மருத்துவமனைக்கும், கல்லூரிக்கும், ஆட்சியர் அலுவலகத்துக்கும் அவர்கள் போக வேண்டிய தூரமே அதிகம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவற்றில் மாநிலத்தின் முன்னணி மாவட்டமான பெரம்பலூரில் உழவுக்கும் அறுவடைக்கும் டீசல் வேண்டும். விளைந்ததைச் சந்தைக்கு ஏற்றிப்போகவும் டீசல்தான். விலைப் பலகையில் தெரியும் வித்தியாசம் ஒரு முறை; டிராக்டர் வாடகையிலும், லோடு ஆட்டோ கட்டணத்திலும், மளிகைக் கடைச் சரக்கிலும் அது மறுபடி மறுபடி வந்து சேர்கிறது. அதிகம் ஓட வேண்டியவரிடம், குறைவாகச் சம்பாதிப்பவரிடம், கூடுதல் விலையும் அதன் மேல் வரியும் வாங்குவது நல்ல வரிக்கொள்கை ஆகாது. தொகை சிறியது என்பது அதைச் சகித்துக்கொள்ளக் காரணம் இல்லை; எளிதாகச் சரிசெய்துவிடலாம் என்பதற்கே காரணம்.

தூரத்துக்கு ஏற்ற விலைதான் இயற்கை, அதை மாற்றுவது செயற்கை என்பது அடுத்த எதிர்வாதம். நம் வீட்டுக்குள் இருக்கும் பொருட்களைப் பார்த்தாலே இது நிற்காது. சோப்பு, பற்பசை, மாத்திரை, பிஸ்கட் ஆகியவற்றில் அச்சிட்ட அதிகபட்ச விலை சென்னை தியாகராய நகரிலும் ஒன்றுதான், திருமானூரிலும் ஒன்றுதான். தொலைவின் செலவை நிறுவனங்கள் எல்லோர் மேலும் பகிர்ந்து போட்டுவிடுகின்றன. 45 கிலோ யூரியா மூட்டை நாடு முழுவதும் ஒரே விலைக்கு விற்கப்படுகிறது. உரத்தைக் கொண்டுசேர்க்கும் செலவை அரசே மானியமாக ஏற்கிறது. மின்நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கும், கடைக்கோடிக் கிராமத்து வீட்டுக்கும் மின்கட்டணம் ஒன்றே. எரிபொருளிலேயே இதற்கு முன்னுதாரணம் உண்டு. தொலைதூரப் பகுதிகளுக்குச் சமையல் எரிவாயுவையும் ரேஷன் மண்ணெண்ணெயையும் கொண்டுசெல்லும் செலவுக்கு மத்திய அரசு 2002-இல் தனி மானியத் திட்டமே வகுத்தது. தூரத்தில் இருப்பது குடிமகனின் குற்றம் அல்ல என்ற கொள்கையை இந்த நாடு பல பொருட்களில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெட்ரோலும் டீசலும்தான் விதிவிலக்காக நிற்கின்றன.

இதற்கு வரலாற்றிலிருந்து ஒரு வலுவான மறுப்பு வரும். சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இரும்பு, சிமென்ட் போன்றவற்றுக்கு நாடு முழுவதும் ஒரே போக்குவரத்துச் செலவு என்ற கொள்கையை மத்திய அரசு கொண்டுவந்தது. சுரங்கங்கள் நிறைந்த பிகார், ஒடிசா, மேற்கு வங்கம் போன்ற மாநிலங்கள் தங்கள் இயற்கை அனுகூலத்தை இதனால் இழந்தன. ஆலைகள் வேறு இடங்களுக்குப் போயின. 1990-களின் தொடக்கத்துக்குள் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. சுண்ணாம்புக்கல்லை வைத்தே சிமென்ட் ஆலைகளைப் பெற்ற அரியலூருக்கு இந்தப் பாடம் நன்றாகவே புரியும்: கல் கிடைக்கும் இடத்தில் ஆலை வருவதற்குக் காரணமே போக்குவரத்துச் செலவுதான். ஆனால் அந்தப் பாடம் பெட்ரோலுக்குப் பொருந்தாது. இரும்பும் சிமென்டும் அடுத்த தொழிலின் கச்சாப்பொருள்கள். அவற்றின் விலையை வைத்துத்தான் தொழிற்சாலை எங்கே அமையும் என்பது முடிவாகிறது. பெட்ரோல் மலிவு என்பதற்காக யாரும் மணலிக்குப் பக்கத்தில் குடியேறுவதில்லை; ஐம்பது காசு அதிகம் என்பதற்காக ஜெயங்கொண்டத்துக் கடையைப் பூட்டிவிட்டுப் போவதும் இல்லை. மேலும் இங்கே கேட்கப்படுவது நாடு தழுவிய ஒரே விலை இல்லை. ஒரு மாநிலத்துக்குள், ஒரே அரசு வரி வாங்கும் எல்லைக்குள், வித்தியாசத்தைச் சுருக்குங்கள் என்பதுதான் கோரிக்கை.

அதைச் செய்ய முடியும் என்பதை எண்ணெய் நிறுவனங்களே காட்டிவிட்டன. 2024 அக்டோபர் இறுதியில் டீலர் கமிஷனை உயர்த்தியபோது, மாநிலங்களுக்குள்ளான போக்குவரத்துச் செலவையும் அவை சீரமைத்தன. ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்துக் காளிமேலாவில் பெட்ரோல் 4.55 ரூபாயும், சத்தீஸ்கரின் சுக்மாவில் 2.09 ரூபாயும் குறையும் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சர் ஹர்தீப் சிங் புரி அறிவித்தார். கடைக்கோடி ஊர்களின் சுமையைப் பகிர்ந்துகொள்வது சாத்தியம் என்றால், நடுத்தரத் தூரத்தில் இருக்கும் மாவட்டங்களை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? சென்னைக்காரர் தலையில் சுமையை ஏற்றுவதா என்ற கேள்வி எழும். முழுமையான ஒரே விலை என்றால் முனையங்களுக்கு அருகில் இருப்பவர்களுக்கு விலை ஓரளவு ஏறும் என்பது உண்மை. அதனால் முழுமையான ஒரே விலையைக் கேட்காமல் ஓர் உச்சவரம்பைக் கேட்கலாம்: போக்குவரத்துச் செலவில் மாநிலச் சராசரியைத் தாண்டும் பகுதியை மட்டும் எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும். 2011 கணக்கில் பெரம்பலூர், அரியலூர் இரண்டின் மக்கள்தொகையும் சேர்ந்து சுமார் 13 லட்சம். மாநில மக்கள்தொகை 7.21 கோடி. எரிபொருள் பயன்பாடும் இதே விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், இந்த இரண்டு மாவட்டங்களுக்கு லிட்டருக்கு 50 காசு குறைக்க மற்றவர்கள் கொடுக்க வேண்டியது லிட்டருக்கு ஒரு காசுக்கும் குறைவு. தூரமான மற்ற ஊர்களையும் சேர்த்தால் தொகை கூடும். ஆனாலும் பெறுபவருக்குத் தெரியும் அளவு, கொடுப்பவருக்கு அது தெரியாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. இன்று லாரிச் செலவு கூடினால் அது அப்படியே வாடிக்கையாளர் பில்லில் ஏறிவிடுகிறது. முனையம் தொலைவில் இருப்பதால் நிறுவனத்துக்கு நட்டமில்லை. உச்சவரம்பு வந்தால், செலவைக் குறைப்பது நிறுவனத்தின் அக்கறையாகும். சரியான இடத்தில் முனையம் அமைக்கவும், லாரிப் பாதையைத் திட்டமிடவும் அதுவே தூண்டுகோல்.

வரியைப் பொறுத்தவரை, மாநிலம் தன் வருமானத்தில் ஒரு ரூபாயைக்கூட இழக்க வேண்டியதில்லை. 2024 மார்ச் 15-இல் விலை குறைக்கப்பட்ட பின் சென்னையில் பெட்ரோல் 100.75 ரூபாயாக இருந்தது. அதில் 13 விழுக்காட்டுப் பகுதி ஏறக்குறைய 10 ரூபாய். நிலையான பகுதி 11.52 ரூபாய். இரண்டையும் சேர்த்து லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே தொகையாக நிர்ணயித்துவிட்டால் அரசுக்கு வரவு மாறாது; தூரத்தின் மீதான வரி மட்டும் மறைந்துவிடும். எண்ணெய் விலை ஏறும்போது விழுக்காட்டு வரியால் கிடைக்கும் கூடுதல் வருமானம் போய்விடுமே என்று நிதித்துறை கவலைப்படலாம். விலை ஏறும்போது மக்களின் சிரமத்தோடு வரியும் சேர்ந்து ஏறாமல் இருப்பது நல்லதுதான். விலை இறங்கும்போது வருமானம் இறங்காமல் இருப்பது அரசுக்கும் பாதுகாப்பு. அதற்கும் மனமில்லை என்றால், வரி கணக்கிடும் தொகையிலிருந்து லாரிச் செலவை மட்டுமாவது நீக்கலாம். ஜிஎஸ்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் பெட்ரோலியப் பொருட்களைச் சேர்க்க இது நேரம் அல்ல என்று முடிவு செய்தது. நாளை சேர்த்தாலும் அதுவும் விழுக்காட்டு வரிதான். லாரிச் செலவையும் உள்ளடக்கிய விலைமேல்தான் விதிக்கப்படும். தூரத்தின் சிக்கலுக்கு அது தீர்வாகாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது வெளிப்படையான கணக்கு. டெல்லியில் விற்கும் ஒரு லிட்டர் பெட்ரோலில் அடக்க விலை எவ்வளவு, போக்குவரத்து எவ்வளவு, மத்திய வரி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, மாநில வரி எவ்வளவு என்று இந்தியன் ஆயில் பிரித்து வெளியிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகப் போக விலை ஏறும். ஆனால் எந்தப் பகுதிக்கு எவ்வளவு போக்குவரத்துச் செலவு என்பதை அரசே பகுதிவாரியாக அறிவிக்கிறது. டெல்லிவாசிக்குக் கிடைக்கும் அந்தக் கணக்கு பெரம்பலூர்வாசிக்கும் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் விலைப் பலகைக்குக் கீழே, இந்தப் பங்குக்குச் சரக்கு வரும் முனையம் எது, லாரிச் செலவு லிட்டருக்கு எத்தனை காசு, அதன் மேல் வரி எத்தனை காசு என்று தமிழில் எழுதி வைக்க நிறுவனங்களுக்குப் பெரிய செலவு ஆகாது. கணக்கு தெரிந்தால் பங்க் ஊழியரோடு வாக்குவாதம் நிற்கும். கேள்வி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும்.

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் மக்கள் பிரதிநிதிகள். பெரம்பலூர் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கிறது. குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் ஆகியவை சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் இருக்கின்றன. குரல் இரண்டாகப் பிரிந்து கிடப்பதால் இரண்டு மாவட்டங்களின் பொதுக் கோரிக்கைகள் பலவும் வலுவிழக்கின்றன. இந்தக் கோரிக்கையில் அது நேரக்கூடாது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரும் எண்ணெய் நிறுவனங்களிடம் போக்குவரத்துச் செலவுக்கு உச்சவரம்பு கேட்கட்டும். சட்டமன்ற உறுப்பினர்கள் நால்வரும் வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன் தூரத்தின் மீதான வரியை நீக்கச் சொல்லி நிதியமைச்சரிடம் ஒரே மனுவைக் கொடுக்கட்டும். மணலியிலிருந்து அரியலூர் தொலைவில் இருப்பதை எந்த அரசாலும் மாற்ற முடியாது. அந்தத் தொலைவுக்கு வரி வாங்குவதை ஓர் அரசாணையில் நிறுத்திவிடலாம். தமிழ்நாடு அரசு அதைச் செய்ய வேண்டும்.